பிள்ளைத்தமிழும் படப்பெட்டியும்

தமிழ்ப் புலவர்கள் குழந்தையை ஒரே பார்வையிற் கண்டு பாடி முடித்தாரல்லர். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி எனப் பருவங்களை வகுத்து, பருவமொன்றுக்குப் பத்துப் பாட்டென நின்று நின்று பாடினர். ஆண்பாலாயின் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பனவும், பெண்பாலாயின் அம்மானை, நீராடல், ஊசல் என்பனவும் இவற்றைத் தொடரும். கல்லூரியில் இப்பகுப்பினை நாம் மனனஞ் செய்தது பரீட்சையின் பொருட்டேயாம். பின்னாளில், திருகோணமலை உட்துறைமுகத்தை அண்டிய எமது வீட்டின் முன்னறையிலே கைக்குழந்தைகளைப் படம் பிடிக்கும் தொழிலை மேற்கொண்டபோது, அதே பகுப்பு எமக்கு நாட்காட்டியாகப் பயன்பட்டது. தமிழாசிரியர் இதனை அறிந்திருப்பின் மகிழ்ந்திருப்பாரோ, சினந்திருப்பாரோ அறியோம்.

எங்ஙனமெனிற் கூறுவோம். பிறந்து முதலிரு வாரங்களில் குழந்தை பெரும்பொழுதும் உறங்கும். அதன் பார்வை ஏறக்குறைய 20 முதல் 30 சென்ரிமீற்றர் தூரத்திலுள்ளதையே தெளிவாகக் காணும். தாய்மடியிற் கிடந்தவாறு தாய்முகத்தைக் காணப் போதிய தூரம் அது. அதற்கப்பால் நிற்கும் படப்பெட்டி அதற்கு வெறும் நிழல். ஆறு முதல் எட்டு வாரமாகும்போதே முகம் பார்த்துச் சிரிக்கும். ஆதலின் முப்பத்தோராம் நாளிலே பிள்ளையைத் தூக்கிவந்து, 'சிரிக்கிறமாதிரி ஒரு படம் வேண்டும்' என்று கேட்கும் தந்தையர்க்கு நாம் விடையளிப்பது பொறுமை என்னும் ஒரு சொல்லே. ஆயினும் அந்நாட் படத்துக்கு வேறொரு சிறப்புண்டு. கழுத்திலே பஞ்சாயுதம் முதன்முதல் ஏறுவது அப்போதுதான். சங்கு, சக்கரம், வாள், வில், தண்டு என்னும் ஐந்தும் சிறுவடிவிற் கோத்த அந்தப் பொன்னணியைப் பழைய நூல்கள் ஐம்படைத்தாலி என்னும். காப்புப் பருவம் தெய்வங்களை விளித்துக் காவல் வேண்டுவது. எம்மூர்த் தாய்மாரோ அக்காவலைப் பொன்னிற் செய்து பிள்ளையின் மார்பிலே தொங்கவிடுகின்றனர். அடைவுகடைக்குப் போய் மீளாத பஞ்சாயுதங்கள் எத்தனையோ எமது படங்களில் மட்டும் இன்னும் மின்னிக்கொண்டிருக்கின்றன.

செங்கீரைக்குரிய ஐந்தாந் திங்களில், பிள்ளை கவிழ்ந்து, கைகளை ஊன்றித் தலையை நிமிர்த்தி அசையும். எமக்கு மிக விருப்பமான பருவம் இதுவே. பிள்ளை எழுந்தோடாது, ஆயினும் தன்னை முற்றாக ஒப்புவித்தும் விடாது. படமெடுப்போன் பாயிலே நெஞ்சுபடப் படுத்து, வில்லையைப் பிள்ளையின் கண்மட்டத்துக்குத் தாழ்த்தல் வேண்டும். நின்றவாறு மேலிருந்து எடுக்கும் படத்திலே பெரிய தலையும் சிறிய காலுமே தெரியும், ஆள் தெரியாது. ஒன்பதாந் திங்கள் சப்பாணி. இருகையுங் கொட்டும் பிள்ளையின் கைகள் மங்கிப்போகாதிருக்க வேண்டின், மூடி ஒரு செக்கனின் 250இல் ஒரு பங்கினுள் திறந்து மூடவேண்டும். வாரானைப் பருவத்திலே பிள்ளையை அழைப்பவர் தாயாகவே இருத்தல் நன்று. நாம் அழைத்தாற் பிள்ளை வேறு திசையை நோக்கி நடக்கும்.

இனி, அறையைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். இதற்கு மாளிகை வேண்டியதில்லை. வடக்கு நோக்கிய அகன்ற யன்னலொன்று, அதன் குறுக்கே கட்டிய வெள்ளை வேட்டியொன்று, நிலத்திலே பாயும் பருத்தி விரிப்பும், எதிர்ச்சுவரிலே ஒளியைத் திருப்பும் வெள்ளை அட்டையொன்று: இவ்வளவே எமது மூலதனம். வேட்டியினூடு வடிந்து வரும் ஒளி பிள்ளையின் கன்னத்திலே பால் வார்த்தாற்போலப் படியும். மின்வெட்டொளி குழந்தையின் கண்ணைக் கெடுக்கும் என்போர் உளர். அது கெடுப்பதில்லை; திடுக்கிடச் செய்யும்; திடுக்கிட்ட பிள்ளை அன்று மீண்டும் எம்மை நம்பாது. குளிர்நாடுகளிலே புதுப்பிள்ளைக்காக அறையைச் சூடேற்றுவராம். எமக்கு அந்தச் செலவில்லை, வியர்வைதான் பகை. மார்கழி மழையிலோ வேறு துன்பம்; கடற்காற்றின் உப்பும் ஈரமும் சேர்ந்து வில்லையிற் பூஞ்சணம் படரும். மாலை மூன்று மணிக்குமேல் துறைமுக நீரிற் பட்ட வெயில் தெறித்து, முன்னறையின் முகட்டிலே வலைவலையாக ஆடும். படத்துக்கு அவ்வொளி ஆகாது. ஆயினும் கிலுகிலுப்பைக்கும் பொம்மைக்கும் அடங்காத பிள்ளைகள் அதனைக் கண்டதும் வாய்திறந்து அசையாது கிடப்பர். கடல் எமக்குச் சம்பளமின்றி வேலைசெய்த ஒரே உதவியாள்.

எம்மூரிலே முதிய பெண்டிர் பலர் கைக்குழந்தையைப் படம் பிடிக்க இசையார். 'பல்லு முளைக்க முந்திப் படம் பிடிக்கப்படாது தம்பி, ஆயுள் குறையும்' என்று ஓர் அம்மம்மா எமது வாயிற்படியிலேயே பேரப்பிள்ளையை மறைத்துக்கொண்டு நின்றார். பல்லுக்கொழுக்கட்டை அவித்துப் பிள்ளையின் உச்சியிற் சொரிந்து, முன்னே வைத்த ஏட்டையோ எழுதுகோலையோ பொன்னையோ அது தொட்டெடுக்கும் நாள்வரை பொறுக்கவேண்டும் என்பது அவர் கட்சி. நாம் வாதிடவில்லை. கன்னத்திலே பெரியதொரு கறுப்புப் பொட்டு இடுவது, படத்தை வாயிலிலே காட்சிக்கு வைக்காதிருப்பது என்னும் இரு நிபந்தனைகளின்மேல் உடன்பாடாயிற்று. அவர் அஞ்சியது நாவூறு. இன்று பிறந்து ஒரு மணி நேரமாகாத பிள்ளையின் முகம் கைத்தொலைபேசி வழியே உலகெங்கும் போகின்றது. அக்காலத்தில் கண்வைக்கக் கூடியவர் ஒரு தெருவினரே; இப்போது கணக்கில்லை. பிள்ளையின் படம் பிள்ளைக்கு உரியது. அது வளர்ந்து வேண்டாமென்று சொல்வதற்கும் இடமிருத்தல் வேண்டும் என இன்று அறிஞர் கூறுகின்றனர். அந்த அம்மம்மா வேறு சொற்களாற் கூறியதும் ஏறக்குறைய இதுவே என்பது எமது துணிபு.

கூடைக்குள்ளும் சட்டிக்குள்ளும் பிள்ளையைச் சுருட்டிவைத்துப் பிடிக்கும் நவீனப் படங்களைக் காட்டி, அவ்வாறு வேண்டுமென்று கேட்பாரும் உளர். இரு கைகளில் நாடியைத் தாங்கிப் புதுப்பிள்ளை தானே நிமிர்ந்திருப்பதாகக் காணும் படங்கள் மெய்யல்ல. தாயின் கை ஒருமுறை தலையையும், மறுமுறை மணிக்கட்டையும் தாங்கிநிற்க எடுத்த இரு படங்களை ஒன்றாக்கிக் கையை அழித்துவிடுகின்றனர். இது புதுமையுமன்று. ஒளி படிய நெடுநேரம் வேண்டியிருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, மேனாட்டவர் தாயைத் துணியால் மூடி நாற்காலிபோல அமைத்து, அவள் மடியிலே பிள்ளையை இருத்திப் படமெடுத்தனர். அப்படங்களை உற்று நோக்கினால் திரைக்குள் ஒரு மனித உருவம் புலப்படும். எமது கொள்கை தாயின் கையை மறையாதிருப்பது. வளையலணிந்த அந்தக் கையும் படத்திற்கு உரியதே.

வீட்டையே படப்பிடிப்பு நிலையமாக்கிக் குழந்தைகளைப் பிடித்தோருள் தலையாய ஒருவர் இலங்கை மண்ணிலே துயில்கின்றார் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் அப்பெருமாட்டி 1815இல் கல்கத்தாவிற் பிறந்தவர். 1863ஆம் ஆண்டு டிசம்பரில், தமது 48ஆம் வயதிலே, மகளும் மருமகனும் பரிசளித்த படப்பெட்டியைப் பெற்றார். இங்கிலாந்தின் வைட் தீவிலிருந்த தம் வீட்டிலே கோழிக்கூட்டைக் கண்ணாடி அறையாக்கினார். நிலக்கரி வைக்குங் கொட்டில் இருட்டறையாயிற்று. அடுத்த மாதமே ஆனி பில்பொட் என்னும் சிறுமியைப் பிடித்து, அதுவே தமது முதல் வெற்றியென்று எழுதிவைத்தார். அச்சிறுமியின் பெயரை இன்றும் படக்கலை பயில்வோர் அறிவர். 1875இல் அவரும் கணவரும் இலங்கைக்கு வந்தனர். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879 ஜனவரியிற் காலமானார். பொகவந்தலாவையில் அடக்கஞ் செய்யப்பட்டார். இலங்கையிலே அவர் பிடித்த படங்களுள் இன்று எஞ்சியவை முப்பதுக்கும் குறைவே. அவற்றுட் காணப்படுவோர் பெரும்பாலும் இந்நாட்டுத் தொழிலாளரும் கிராமத்தவருமாவர். அவர்களுட் பெரும்பாலார்க்குப் பெயரில்லை. 'இலங்கைப் பெண்', 'களுத்துறைக் கிராமத்தார்' என்ற அளவிலே நூதனசாலைகள் குறித்துள்ளன. கையிலே வித்தையிருந்தும், ஆனிக்கு எழுதிய பெயரை நம்மவர்க்கு ஒருவரும் எழுதிவைத்திலர். இதனை வாசித்த நாள்முதல் எமது தொழிலில் ஒரு விதி ஏற்பட்டது. படம் எவ்வளவு அழகாயிருப்பினும், பின்புறத்திலே பெயர், பெற்றோர் பெயர், நாள், இடம் எழுதப்படாமல் எமது வாசலைக் கடவாது.

அங்ஙனம் எழுதுவதற்கும் முறையுண்டு. குண்டுமுனைப் பேனா முன்புறத்திலே தழும்பு காட்டும், மை ஊறும். பழைய தாளாயின் மென்பென்சிலால் ஓரத்திலே மெல்ல எழுதுக. பிளாஸ்ரிக் பூசிய இக்காலத் தாளிலே பென்சில் பற்றாது. அதற்கென விற்கும் நிலைமைப் பேனாவால் எழுதி, ஆறியபின் அடுக்குக. பசைத்தாள் ஒட்டிய அல்பங்களை வாங்காதிருக்க. அப்பசை ஆண்டுகள் செல்லப் படத்தையே பற்றிக்கொள்ளும்.

பெயரெழுதுவதிலே நமது கல்லூரி மலர்கள் வழிகாட்டிகள் என்பதை மறுப்பாரில்லை. வகுப்புப் படத்தின்கீழ், 'இருப்பவர்கள், இடமிருந்து வலம்' என்றும், 'நிற்பவர்கள், முதலாம் வரிசை' என்றும், இறுதியிலே 'சமுகமளிக்காதவர்' என்றும் நிரல்பட அச்சிடும் வழக்கத்தை எண்ணிப் பார்க்க. படத்தில் இல்லாதவனுக்கும் அங்கே பெயருண்டு. பழைய மலர்களைப் புரட்டும் முதிய மாணவர் முகங்களை முதலில் நோக்கார். விரலை அந்தப் பெயர்வரிசைமீதே ஓட்டுவர்.

கைத்தொலைபேசியிலே ஆயிரம் படமிருக்கத் தாளிலே எதற்கு என்பது இக்கால இளந்தாய்மாரின் கேள்வி. வேறோர் ஊரிலே இக்கேள்விக்கு விடைகூற நெடுநேரம் வேண்டும். திருகோணமலையிலே ஆண்டுகளைச் சொன்னாற் போதும். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானியர் குண்டு வீசியபோது சனங்கள் கையிலகப்பட்டதோடு ஊரைவிட்டு நீங்கினர். 1964 டிசம்பரிலே சூறாவளி. 1983இலும் 1990இலும் வீடுகள் எரிந்தன. ஊரவர் முகாம்களுக்கும் காடுகளுக்கும் கடல்கடந்தும் சிதறினர். 2004 டிசம்பர் 26இல் கடலே எழுந்து வந்தது. ஓடும்போது உறுதியையும் அடையாள அட்டையையும் எடுப்பார், அல்பம் பாரமானது, அலுமாரியின் மேற்றட்டிலே கிடக்கும். திரும்பி வந்தபின், பிள்ளையின் சப்பாணிப் படமொன்று லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ ஒரு மாமியின் கடிதத்துக்குள் வந்து சேரும். உறவினர்க்குப் பிரதி அனுப்பும் பழைய வழக்கத்தை வீண் ஆடம்பரம் என்றோர் உண்டு. எம்மூர்க் குடும்பங்கள் பலவற்றில், பிள்ளைப் பருவத்தின் சான்றாக எஞ்சியவை அந்தப் பிரதிகளே.

ஆழிப்பேரலையின் பின்னான மாதங்களிலே எமது முன்னறையிற் குழந்தைகளின் ஒலி குறைவு. நனைந்த அல்பங்களோடு பெரியவர்கள் வந்தனர். ஒன்றோடொன்று ஒட்டிய படங்களை இழுத்துப் பிரித்தால் உருவம் கிழியும். சுத்தமான குளிர்நீரிலே அமிழ்த்தி, அவை தாமே கழன்று வரும்வரை காத்திருந்து, முகம் மேலாக நிழலிலே உலர்த்தவேண்டும். வேட்டி கட்டிய யன்னலின்கீழ் வாளிகளை வரிசையாக வைத்தோம். சிலவற்றிலே சேலையின் கரை மட்டும் மிஞ்சியது. உப்புநீரில் நாட்கணக்காய் ஊறியவற்றுக்கு எம்மாற் செய்யக்கூடியது யாதுமில்லை; அதனைச் சொல்லும் வேலையும் எமக்கே வாய்த்தது.

கரையோரக் கிராமமொன்றிலிருந்து வந்த தாயொருத்தியின் கையில் அல்பமில்லை. இரண்டு வயது மகன் அன்று அலையிலே போயினான். வீட்டிலிருந்த படங்களும் போயின. அவற்றைப் பிடித்த நிலையமும் கடலோடு போயிற்று. கண்டியிலே வாழ்ந்த தமக்கைக்கு முன்பு அனுப்பிய ஒரேயொரு படம் மட்டும் மீண்டு வந்திருந்தது. ஒன்பது மாதப் பிள்ளை, அரைஞாணோடு, இருகையும் கொட்டும் நிலை. கைகள் சற்று மங்கியிருந்தன. பின்புறத்திலே அவனுடைய பெயரும் நாளும் தமக்கையின் எழுத்திலே இருந்தன.

எத்தனை பிரதி வேண்டுமென்று வினவினோம். அவள் முன்னரே எண்ணி வந்திருந்தாள். 'ஆறு வேணும் அண்ணா. ஆறும் ஆறு வீட்டிலை இருக்கட்டும்' என்றாள். கங்கைக்கு அப்பாலுள்ள ஒரு வீட்டையும், மலைநாட்டில் ஒன்றையும், கனடாவில் ஒன்றையும் விரல்மடித்துச் சொன்னாள். கைகளின் மங்கலைத் திருத்தித் தரலாமா என்று கேட்டோம். வேண்டாம் என்றாள், அவன் கொட்டிக்கொண்டிருந்தான் அல்லவா என்று. பிரதிகள் உலர்ந்தபின், வழக்கம்போல் எழுதப் பென்சிலை எடுத்தோம். அவள் கைநீட்டி அதனை வாங்கி, முன்னறைப் பாயிலே அமர்ந்து, ஆறு தாள்களின் பின்புறத்திலும் மகனுடைய பெயரைத் தானே எழுதினாள்.