அரைப்பேர்

எங்கள் தோட்டங்களில் 'பேர்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. பெற்றோர் இட்டது ஒன்று. செக்ரோல் புத்தகத்தில் விழுவது மற்றொன்று. பறித்த கொழுந்து நிர்ணயித்த நிறைக்கு எட்டினால் முழுப்பேர், எட்டாவிட்டால் அரைப்பேர். மனிதரின் பெயரே அவருடைய ஒரு நாட்கூலியாகிவிட்ட உலகம் எங்களுடையது. முதலாவது பெயரைக் காக்கத் தவறினால் இரண்டாவது பேரும் பறிபோகும் என்பதை, பதுளை மாவட்டத்து லயமொன்றில் பிறந்து இன்று ஆசிரியனாக வாழும் நான், என் சொந்தத் தவறினாலேயே கற்றேன்.

2024ஆம் ஆண்டின் இறுதியில் நடந்தது இது. எங்கள் லயத்துக் குடிநீர்க் குழாய் உடைந்து பல வாரங்களாகியும் கேட்பாரில்லை. மனுவொன்று எழுதினோம். நாற்பத்திரண்டு பேர் கையெழுத்திட்டனர். சிலர் பெருவிரல் பதித்தனர். ஊக்கம் மேலிட, அந்தத் தாளைக் கைத்தொலைபேசியில் படம்பிடித்து, நூற்றைம்பது பேருக்கு மேல் இருந்த வாட்ஸ்அப் குழுவொன்றில் இட்டேன். பெயர், அடையாள அட்டை இலக்கம், லயத்து இலக்கம் அனைத்தும் அதில் இருந்தன. 'எமது மக்கள் விழித்துவிட்டனர்' என்று பெருமையாக ஒரு வரியும் சேர்த்தேன். மறுநாள் காலையில் படம் தோட்டத்து ஆபீசில் இருந்தது.

அடுத்த வாரம், பட்டியலின் தலைப்பில் கையெழுத்திட்ட மூன்று பெண்கள் கொழுந்து குறைந்த மலைக்கு அனுப்பப்பட்டனர். இரண்டு வாரம் அவர்களுக்கு அரைப்பேர்தான். அவ்வாண்டு செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். அதில் பாதியைக் கொண்டு ஒரு குடும்பம் எவ்வாறு உண்ணும் என்பதை வாசகரே கணக்கிடலாம். அம்மூவருள் மூத்தவர் என்னைச் சிறுவயதில் தூக்கி வளர்த்தவர். மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் கோபிக்கவில்லை.

"பேரை வாங்கிக்கிட்டுப் போனது நீங்கதானே தம்பி. பத்திரமா வச்சிருப்பீங்கன்னு நெனச்சோம்" என்றார்.

அச்சொல் இன்னும் என்னை அறுத்துக்கொண்டிருக்கிறது.

துரையின் கண்ணுக்குத் தப்பிய வாழ்வு தோட்டத் தொழிலாளிக்கு என்றுமே இருந்ததில்லை. 1921இல் ஒழிக்கப்படும் வரை 'துண்டு' என்ற ஒரு காகிதம் அவன் கடனைச் சுமந்து அவனுக்கு முன்னே தோட்டம் விட்டுத் தோட்டம் சென்றது. கடிதமோ அவன் வாசலுக்கு வந்ததில்லை, ஆபீசுக்கு வந்தது. என் தந்தையாருக்கு வந்த கடிதங்கள் பல, பிறர் கைபட்டுக் கசங்கி, நாட்கள் கடந்து கிடைத்தவை. லயத்துக்கென்று தனி முகவரி இல்லாததால் நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு, தேர்வு முடிந்த பின்பு வந்து சேர்ந்த கதைகளை மலையகத்தில் யாரும் சொல்வர். தொழிற்சங்கச் சந்தாவையும் சம்பளத்திலிருந்து நிர்வாகமே கழித்துக் கொடுக்கும் வழக்கம் வந்தபின், எவர் எந்தச் சங்கம் என்பதும் ஆபீசுக்குத் தெரிந்த செய்தியே.

இத்தனைக்கும் நடுவே எம்மவர் தம்மைக் காத்துக்கொள்ளவும் கற்றிருந்தனர். 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவிய கோ. நடேசய்யர், அந்நியர் நுழையத் தடையிருந்த தோட்டங்களுக்குள் புடவை வியாபாரியாக வேடமிட்டுப் புகுந்தார். பதுளையை அடுத்த வெவெஸ்ஸ தோட்டத்தில் 1940ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் தமக்கெனச் சபையொன்றைத் தேர்ந்தெடுத்து, துரையையே அதனுடன் கலந்து பேச வைத்தனர். அத்தகைய ஒற்றுமை ஒரே நாளில் முளைப்பதன்று. சொல்லவேண்டியதைச் சொல்லவேண்டியவரிடம் மட்டும் சொல்லும் பழக்கத்தின் மேல்தான் அது எழ முடியும்.

இன்று அந்த ஆபீஸ் எங்கள் சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. 'மடியிலே கனமிருந்தால்தானே வழியிலே பயம்' என்று சில நண்பர்கள் வாதிக்கின்றனர். தன் பொருளை மட்டும் சுமந்து செல்பவனுக்கு அப்பழமொழி பொருந்தும். பொதுப்பணியில் இறங்கியவன் மடியில் இருப்பதோ பிறர் பெயர்கள். அவற்றைத் திறந்துகாட்ட அவனுக்கு உரிமை ஏது?

காப்பு என்பது காசுள்ளவரின் கவலை என்றும் கூறுவர். பழைய தொலைபேசியையே வாங்கி, நூறு ரூபாய் ரீலோட்டை எண்ணிச் செலவழிக்கும் எங்களுக்கு இதெல்லாம் கட்டுமா என்பர். எமக்கு வேண்டியவற்றுள் பெரும்பாலானவற்றுக்குச் சதக்காசும் தேவையில்லை என்பதே நான் கண்ட உண்மை. ஆறிலக்கப் பூட்டு இலவசம். செய்திகள் தாமாக மறையும்படி வைப்பதும் இலவசம். இலாப நோக்கற்ற நிறுவனமொன்று நடத்தும் சிக்னல் செயலியும் இலவசம். வாட்ஸ்அப் செய்தி வழியில் மறைகுறியாக்கப்பட்டுச் சென்றாலும், குழுவில் இருக்கும் ஒருவர் படமெடுத்துக் கொடுத்தால் அந்தப் பூட்டு எதற்கு உதவும்? எவர் எவருடன் எப்போது பேசினார் என்ற விவரம் அந்நிறுவனத்திற்குத் தெரியவே செய்யும். சிம் அட்டையோ எமது அடையாள அட்டையின் பேரிலேயே பதிவாகியிருக்கிறது. கையவசரத்திற்குக் கடன் தரும் செயலிகள் சில, தொலைபேசியிலுள்ள எண்களையெல்லாம் அள்ளிக்கொள்ள அனுமதி கேட்கின்றன. பசித்தவன் யோசியாமல் 'ஆம்' என்கிறான். அவனுடைய தோழர்களின் எண்களும் உடன் போகின்றன.

ஆகவே நாங்கள் சில ஒழுங்குகளை வகுத்துக்கொண்டோம். பெயர்ப்பட்டியல் காகிதத்தில் மட்டும் இருக்கும், படமெடுப்பதில்லை. பெரிய குழுவில் கூட்டத்தின் நாளும் இடமும் மட்டும் வரும். முகம் தெரியும் புகைப்படத்தை அவர் சம்மதமின்றி இடுவதில்லை. தொலைபேசியைப் பழுதுபார்க்கக் கொடுக்குமுன் உள்ளிருப்பதை அழிப்போம். பெரிய செய்தி எதையும் நேரில் நடந்து சென்றே பேசுவோம். நடப்பதற்கு டேட்டா தேவையில்லை.

சட்டம் காக்காதா எனக் கேட்கலாம். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022இல் ஒரு சட்டம் நிறைவேறியது, நல்லதே. ஆனால் 2022 ஏப்ரலில் சமூக வலைத்தளங்களை ஒரே இரவில் முடக்கியதும் இந்நாடுதான். பேச்சை அளக்கும் ஆணைக்குழுவுக்கு வழிவகுத்த நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை 2024 பெப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்ததும் இந்நாடுதான். ஆசிரியரும் கவிஞருமான அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதாகி, 2021 டிசம்பரில் பிணையில் வந்து, 2023 டிசம்பரில்தான் வழக்கிலிருந்து விடுபட்டார். அவர் எழுதிய கவிதைகளே அவருக்கு எதிராக நிறுத்தப்பட்டன.

இதனால் நாம் ஒளிந்துகொள்ள வேண்டும் என்பதன்று என் கருத்து. 2018 அக்டோபரில் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கேட்டு, கறுப்பு உடையணிந்து காலிமுகத்திடலில் திரண்ட மலையக இளைஞர், ஒருவரை ஒருவர் அழைத்தது இந்தத் தொலைபேசிகளின் வழியேதான். கோரிக்கை வெளிச்சத்தில் நிற்கட்டும். அதை எல்லோரும் காணட்டும். கோரியவரின் வீட்டு இலக்கம் மட்டும் எம் நெஞ்சுக்குள் இருக்கட்டும். முன்னே நிற்க விரும்புவோர் தாமே முடிவு செய்து நிற்கட்டும். நாம் அவர்களைத் தள்ளி நிறுத்தலாகாது.

குழாய் இன்னும் முழுதாகச் சீராகவில்லை. சென்ற மாதம் இரண்டாவது மனு எழுதினோம். அந்த அக்காவின் வீட்டுக்கும் போனேன், தயக்கத்துடன். பேனையைக் கையில் வாங்கியவர், எழுதுமுன் நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தத் தாளு எங்கே இருக்கும் தம்பி?"

எங்கே இருக்கும், யார் கையால் எந்த நாளில் யாரிடம் கொடுக்கப்படும், பிரதி யாரிடம் இருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். முதல் முறை அவர் இதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு, மெல்ல, எழுத்துக் கூட்டி, தம் பெயரை முழுதாக எழுதினார்.