நிரைப்பெயரும் நிரற்பெயரும்

அட்டவணையில் உள்ள எண் ஒன்று எவரைப் பற்றிப் பேசுகின்றது என்பதை அந்த எண் சொல்வதில்லை. நிரைக்கும் நிரலுக்கும் இட்ட பெயர்களே சொல்கின்றன. புள்ளிவிபரவியலைத் துணைக்கொள்ளும் கலைப்பீட மாணவர் இதனை மறத்தலாகாது.

நியூசிலாந்தின் ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் றொஸ் இஹாக்கா, றொபேட் ஜென்ரில்மன் ஆகிய இருவரும் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய 'ஆர்' என்னும் கணினிமொழி இன்று பெருவழக்கிலுள்ளது. அதனுடன் மாதிரித் தரவாக வரும் தாயமொன்று, அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் 1940ஆம் ஆண்டில் ஆயிரவருக்கு எத்தனைபேர் இறந்தனர் எனக் காட்டுகின்றது. நிரைகள் ஐந்தும் வயதுப் பிரிவுகள். நிரல்கள் நான்கும் கிராம, நகர ஆண் பெண்கள். கிராமத்து ஆண்களுள் 50–54 வயதினர்க்கு வீதம் 11.7; 70–74 வயதினர்க்கு 66.0.

இதன் பிரதியொன்றில் நிரைகளைத் தலைகீழாக்கி, மூலத்துடன் கூட்டி, இரண்டால் வகுத்துப் பார்ப்போமாக. ஒரே தரவின் சராசரி அத்தரவாகவே அமைதல் வேண்டும். ஆனால், 50–54 வயதுக் கிராமத்து ஆண்களுக்கு 38.85 என விடை வருகின்றது. உண்மையைவிட மும்மடங்குக்கும் அதிகம். கணினி இடத்தோடு இடத்தைக் கூட்டிற்று. பெயரோடு பெயரை ஒப்பிடவில்லை. முதலாம் தாயத்தின் பெயர்களை விடைக்குச் சூட்டி அமைந்தது. எச்சரிக்கை எதுவும் எழவில்லை.

பெருக்கலிலும் இதுவே நிலை. முதலாம் தாயத்தின் நிரைப்பெயர்களும் இரண்டாம் தாயத்தின் நிரற்பெயர்களும் விடையைச் சேரும். இடையே ஒத்திருக்கவேண்டிய பெயர்கள் ஒப்புநோக்கப்படுவதில்லை. அவற்றின் எண்ணிக்கை ஒத்தாற் போதும். ஒரு நிரையை மட்டும் பிரித்தெடுத்தாலோ, தாயம் வெறும் எண்தொடராகி, நிரைப்பெயர் மறைந்துவிடும்.

இதனைக் கணினியின் குறையென்பது பொருந்துமா? கணிதம் கூறும் தாயத்திற்குப் பெயர்கள் இல்லை, வரிசையே உண்டு. பெயர் ஆய்வாளன் இட்டது. அதனைக் காப்பதும் அவன் கடனே. கூட்டுமுன் இரு தாயங்களின் பெயர்களும் ஒன்றா என வினவுதல், வேறாயின் முதலாவதன் பெயர்வரிசைப்படி இரண்டாவதை அடுக்குதல், நிரையைப் பிரிக்கும்போது தாயவடிவைக் குலைக்காதே எனப் பணித்தல் ஆகிய மூன்றும் ஓரிரு வரிகளில் முடிவன.

சிதைந்த அட்டவணையை எவரும் ஐயுறுவர். ஒழுங்காகப் பெயர் தாங்கி நிற்கும் பிழையான அட்டவணையை எவர் ஐயுறுவர்? அது அறிக்கையாகும், அறிக்கை திட்டமாகும். எழுபது வயதினரின் சாவு ஐம்பது வயதினரின் கணக்கில் எழுதப்பட்டதை அதன்பின் அறிவார் இலர்.