யார் வீட்டுத் திண்ணை?

தொலைக்காட்சியைப் பற்றி நம் சிறுபத்திரிகை வட்டம் எப்போதோ ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. திண்ணைப் பேச்சை அது அழித்தது, கூத்தைக் கொன்றது, ஜனங்களின் பிரக்ஞையை மழுங்கடித்தது. இது முழுப் பொய்யில்லை. ஆனால் இதையே நான் எழுதியபோது நடந்ததைச் சொல்ல வேண்டும்.

2006 தேர்தலில் தி.மு.க. இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு வாக்குறுதி தந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 15ல் விநியோகம் துவங்கி, 2011ல் ஆட்சி மாறுவதற்குள் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. சேந்தமங்கலத்தில் எங்கள் வீட்டுக்கு 2008ல் வந்தது. பெட்டி இலவசம், கேபிளுக்கு மாதாமாதம் பணம். இதிலிருந்த ஓட்டுக் கணக்கும் வியாபாரமும் எனக்குத் தெரிந்தே இருந்தன.

2010ல், ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு சிற்றிதழில் கட்டுரை எழுதினேன். நிகழ்ச்சியும் விளம்பரமும் அடுத்த நிகழ்ச்சியும் இடைவெளியின்றிக் கலந்து போவதை ரேமண்ட் வில்லியம்ஸ் 1974ல் ‘ஓட்டம்’ என்றார். அந்த ஓட்டத்தில் நம் திண்ணை அடித்துச் செல்லப்பட்டது என்று முடித்திருந்தேன்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. சேகோ ஆலையில் குச்சிக்கிழங்குக்குத் தோல் உரித்து என்னைப் படிக்க வைத்தவள். அச்சில் என் பெயர் வந்திருக்கிறது என்றதும் வாசிக்கச் சொன்னாள். முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டாள்:

“ஏஞ் சாமி, திண்ணை திண்ணைங்கறயே, அது யாரு ஊட்டுத் திண்ணை?”

எங்கள் தெருவில் எந்த வீட்டுக்கும் திண்ணை கிடையாது. திண்ணை உள்ள வீடுகளில் நாங்கள் உட்கார முடியாது. 1999லிருந்து 2001 வரை சன் டி.வி.யில் ‘சித்தி’ ஓடியபோது, அப்படியொரு வீட்டின் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் அம்மா பார்ப்பாள். நான் அவள்மேல் சாய்ந்து நிற்பேன். விருந்தாளி வந்தால் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். மீதிக் கதையை மறுநாள் ஆலையில் யாராவது சொல்லித் தெரிந்துகொள்வாள்.

பெட்டி வந்த இரவு அம்மா சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்து பார்த்தாள். நான் பக்கத்திலேயே இருந்தேன். கட்டுரையில் அதற்கு இடம் இருக்கவில்லை.

1975-76ல் செயற்கைக்கோள் வழியாக 2400 இந்தியக் கிராமங்களுக்கு ஒளிபரப்பியபோது, கிராமத்துக்கு ஒரு பொதுப் பெட்டி, ஊர் கூடிப் பார்க்கும் என்பதே திட்டம். ஆனால் ‘ஊர்’ என்ற சொல்லுக்குள் யார் யார் அடக்கம் என்பதைப் பெட்டியா தீர்மானிக்கும்? திண்ணைக்கும் இதே கேள்விதான். நாம் இழந்துவிட்டதாக வருந்தும் அந்தக் கூட்டு வாழ்வுக்கு ஒரு வெளிப்புறம் இருந்தது. அங்கே நின்றவர்களை நம் விமர்சனம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

தொலைக்காட்சி விடுதலை தந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அம்மா பார்க்கும் தொடர்களில் கிழங்கு உரிக்கும் பெண் ஒருத்தியை நான் கண்டதில்லை.

சென்ற வருஷம் நாமக்கல்லில் என்னோடு வங்கியில் வேலை செய்யும் நண்பர் வீட்டுக்கு அம்மாவை அழைத்துப் போனேன். கூடத்தில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. சோபா காலியாகத்தான் இருந்தது. அம்மா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நண்பரின் மனைவி இரண்டு முறை சொன்ன பிறகு உட்கார்ந்தாள், தரையில்.