கரிசல் வானமும் பொதுநிலமும்

பொதுப் பூங்காவில் பாராகிளைடரும் ஹேங் கிளைடரும் பறக்க இடம் கொடுக்கலாமா என்பதை நிலமும் காற்றும்தான் முதலில் முடிவு செய்கின்றன. இரண்டிலும் இயந்திரம் இல்லை. பாராகிளைடரின் இறக்கை வெறும் துணி. காற்று புகுந்து உப்பினால்தான் அதற்கு வடிவம். ஹேங் கிளைடருக்கு அலுமினியச் சட்டம் உண்டு. வேகம் கூடுதல், இறங்குவதற்கு நீண்ட வெளியும் வேண்டும். ஓடி எழ ஒரு சரிவு, முகத்துக்கு நேரே மிதமான காற்று, கீழே கம்பியும் மரமும் இல்லாத வெட்டவெளி ஆகிய மூன்றும் சேர்ந்து அமைந்த பூங்காக்கள் குறைவு.

பறப்பதற்கென்றே எழுப்பிய மேடு ஒன்று பின்னாளில் பூங்காவாகியிருக்கிறது. ஜெர்மனியின் கிளைடர் முன்னோடி ஓட்டோ லிலியந்தால் 1894-இல் பெர்லினை அடுத்த லிஷ்டர்ஃபெல்டேயில், செங்கல் சூளையின் கழிவு மண்ணைக் கொண்டு ஏறத்தாழ 15 மீட்டர் உயரத்துக்கு அதை எழுப்பினார். வடிவம் கூம்பு, எந்தத் திசையிலிருந்து காற்றடித்தாலும் அதை எதிர்கொண்டு ஓடி இறங்கலாம். 1896-இல் வேறொரு குன்றில் பறந்தபோது விழுந்து இறந்துபோனார். 1932-இல் அவருக்கு அந்த மேட்டில் நினைவிடம் எழுந்தது. இன்று அங்கே மக்கள் காலாற நடக்கிறார்கள்.

பறப்பும் பூங்காவும் இன்றும் சேர்ந்தே இருக்கும் இடம் அமெரிக்காவின் சான் டியாகோ நகரிலுள்ள டோரி பைன்ஸ். நிலம் நகராட்சிக்குச் சொந்தம். கடலை ஒட்டி ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில் நிற்கும் பாறைமுகத்தில் மேல்காற்று மோதி மேலெழுகிறது. 1930-இல் விமானி சார்லஸ் லிண்ட்பெர்க் அந்தக் காற்றில் கிளைடர் ஓட்டினார். சரிவோரம் பறக்கிறவர்களுக்கு உலகெங்கும் ஒரே விதி: எதிரெதிரே வரும் இருவரில் சரிவு யாருக்கு வலக்கைப் பக்கம் இருக்கிறதோ அவருக்கே வழி, மற்றவர் விலக வேண்டும். இந்த விதியைக் கற்றவர் மட்டுமே பறக்கிறார் என்று நிலத்துக்கு உரியவர் உறுதி செய்துகொண்ட பிறகே அனுமதிக்குப் பொருள் உண்டு.

கேரளத்து வர்க்கலாவிலும் கடலோரப் பாறைச்சரிவும் நல்ல காற்றும் இருக்கின்றன. 2023 மார்ச்சில் பாபநாசம் கடற்கரையில் பயிற்றுநரும் சுற்றுலாப் பயணி ஒருவரும் சென்ற பாராகிளைடர் உயர்கோபுர விளக்கில் சிக்கியது. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக இருவரும் அந்தரத்தில் தொங்கினார்கள். கடற்கரைக்கு வெளிச்சம் வேண்டும் என்று நட்ட கம்பம் அது. பொது இடத்தில் இப்படிப் பல பயன்கள் ஒன்றையொன்று இடிக்கும். அனுமதி கொடுக்கும்முன் அங்கே நிற்கும் ஒவ்வொரு கம்பத்தையும் எண்ணிப் பார்த்தாக வேண்டும்.

விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் சீமையில், பாளையம்பட்டியிலோ அருப்புக்கோட்டையிலோ, சரிவே கிடையாது. மேற்கே தெரியும் மேற்குத் தொடர்ச்சி மலை 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் அடங்கியது. அங்கே ஏறிப் பறக்கும் பேச்சுக்கு இடமில்லை. ஊர்ப் பூங்கா என்றால் கம்பி வேலி, விளக்கு, வேப்பமரம், ஊஞ்சலாடும் பிள்ளைகள். அங்கே அனுமதிக்கவே கூடாது.

ஆனால் இந்தச் சீமையின் காற்று வேறு கதை. கோடையில் வெறுமையாய்க் கிடக்கும் கரிசல் வெயிலை உறிஞ்சிக் கொதிக்கிறது. அதன்மேல் சூடேறிய காற்று தூணாக எழுகிறது. சிறகசைக்காமல் வட்டமிட்டே உயரும் பருந்து ஏறுவது அதில்தான். மலையே வேண்டாம், தரையில் வின்ச் வைத்துக் கயிற்றால் இழுத்து ஏற்றிவிட்டால் போதும். 2012 ஜூலையில் டஸ்டின் மார்ட்டின் ஹேங் கிளைடரில் 760 கிலோமீட்டருக்கு மேல் பறந்தது அமெரிக்காவின் டெக்சாஸ் வறண்ட சமவெளிக்கு மேலேதான். அவரை மேலே இழுத்துவிட்டது சிறு விமானம். மழை மறைவு நிலம் என்று தாழ்த்திப் பேசப்படும் அருப்புக்கோட்டையை அடுத்த திருச்சுழிச் சீமைக்கு வானத்தில் இப்படி ஒரு செல்வம் இருப்பதை யாரும் கணக்கில் எடுத்ததில்லை.

அதே வெப்பம் நடுப்பகலில் சூறையாகச் சுழன்று துணி இறக்கையை மடக்கிப் போடும். ஆகவே கற்றுக்கொள்பவருக்குக் காலையும் மாலையும்தான் நேரம். இறங்கும் இடத்தில் சீமைக்கருவேல முள்ளும் மின்கம்பியும் இருக்கக் கூடாது.

வெட்டவெளி என்றால் தரிசும் நீர் வற்றிய கண்மாயும்தான். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைவானது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கிறது. அனுமதி கேட்க வேண்டியது அவர்களிடம். அங்கே ஆடு மேய்க்கும் கீதாரிகளின் பாத்தியதை அதைவிடப் பழையது. அவர்களைக் கேட்காமல் கொடுத்த அனுமதி, காகிதத்தில் செல்லுபடியானாலும், நியாயமாகாது. வானத்துக்கும் ஒழுங்கு உண்டு: வடக்கே மதுரை விமான நிலையம் இருப்பதால் எவ்வளவு உயரம் ஏறலாம் என்பதை விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களே வரையறுக்க வேண்டும். பாராகிளைடிங்கையும் ஹேங் கிளைடிங்கையும் உள்ளடக்கிய தேசிய வான் விளையாட்டுக் கொள்கையை ஒன்றிய அரசு 2022 ஜூனில் வெளியிட்டிருக்கிறது.

அறுப்பு முடிந்த பங்குனியிலிருந்து மீண்டும் உழவு தொடங்கும்வரை சில மாதங்கள் தரிசு காலியாகக் கிடக்கும். அனுமதியும் அந்த மாதங்களுக்கு மட்டும், ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிப்பதாக இருப்பதே சரி.