தையல் மெஷினில் பூப்போடலாம்!

மெஷின் எம்பிராய்டரி என்றதும் பலருக்கும் கடைகளில் இருக்கும் கம்ப்யூட்டர் மெஷின்தான் நினைவுக்கு வரும். பொத்தானை அமுக்கினால் மயிலும் மாங்காயும் தானாக விழும். அதன் விலையைக் கேட்டதும் ஆசை அங்கேயே முடிந்துவிடும். ஆனால் கம்ப்யூட்டர் வருவதற்கு வெகு காலம் முன்பே, காலால் மிதிக்கும் சாதாரணத் தையல் மெஷினில் பெண்கள் பூப்போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

அது எப்படி முடியும்? நேர்த்தையல் போடும்போது ஊசி மேலும் கீழும் மட்டுமே போய் வருகிறது. துணியை நகர்த்துபவை ஊசிக்கு அடியில் இருக்கும் இரும்புப் பற்கள். அந்தப் பற்களை இறக்கிவிட்டால் (இறக்க முடியாத மெஷினில் கழற்றிவிட்டால்) துணி அப்படியே நிற்கும். அதற்குப் பிறகு எந்தப் பக்கம் நகர்த்துவது என்பது தைப்பவர் கையில். பேனாவை அசையாமல் பிடித்துக்கொண்டு காகிதத்தை நகர்த்தி எழுதுவது போன்ற வேலை இது. இவ்வளவு புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

இந்த யோசனை மிகப் பழையது. 1828-ல் மியூலூஸ் நகரில் ஜோசுவே ஹெய்ல்மன் உருவாக்கிய எம்பிராய்டரி இயந்திரத்தில் பல ஊசிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு ஊசிக்கும் இரண்டு பக்கமும் கூர்முனை, நடுவில் காது! ஒருவர் பெரிய படத்தின் கோடுகள் மேல் ஒரு முள்ளை நகர்த்த, துணி கட்டிய சட்டம் அதே வழியில் சிறிய அளவில் நகரும். இன்று வீடுகளில் வாங்கும் கம்ப்யூட்டர் மெஷினிலும் மோட்டார் நகர்த்துவது துணி மாட்டிய ரிங்கைத்தான்.

சரி, வீட்டில் தொடங்குபவருக்கு என்ன தேவை? ஒரு எம்பிராய்டரி ரிங், கொஞ்சம் கெட்டியான பருத்தித் துணி, நூல், நல்ல ஊசி. அவ்வளவுதான். தையல் நீளத்தைப் பூஜ்யத்தில் வைத்து, ஃபுட்டைக் கழற்றிவிட வேண்டும்.

ரிங் மாட்டுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. கை எம்பிராய்டரியில் துணி ரிங்கின் மேல்பக்கம் இருக்கும். மெஷினுக்கு அது தலைகீழ். பெரிய வளையத்தைக் கீழே வைத்து, அதன் மேல் துணியை நல்ல பக்கம் மேலே தெரியும்படி விரித்து, சின்ன வளையத்தை மேலிருந்து அமுக்க வேண்டும். அப்போதுதான் துணி மெஷின் பலகையோடு ஒட்டி நிற்கும். துணி தொய்ந்தால் தையல் விட்டுப்போகும். மெல்லிய துணி என்றால் அடியில் வெள்ளைத் தாள் ஒன்றை வைத்துத் தைத்துவிட்டு, முடிந்ததும் கிழித்துவிடலாம். டி-ஷர்ட் போல இழுபடும் துணிக்கு இது போதாது. அடியில் நிரந்தரமாகத் தங்கும் துணி ஒன்று வேண்டும்.

அடுத்ததுதான் முதல் நாளில் பலரை அழவைக்கும் விஷயம். ஃபுட்டைக் கழற்றியாயிற்று, இனி அதை இறக்கும் லிவர் எதற்கு என்று அப்படியே தூக்கிய நிலையில் விட்டுவிடுவார்கள். லிவர் தூக்கியிருந்தால் மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் தட்டுகள் திறந்தே இருக்கும். விளைவு? துணிக்கு அடியில் நூல் குருவிக்கூடு போலச் சிக்கிக்கொள்ளும். வெட்டி எடுத்துவிட்டு மறுபடி தைத்தால் மறுபடியும் கூடு. நான்காவது முறை "எனக்கு இதெல்லாம் கை வராது" என்று மெஷினுக்கு உறை போட்டுவிடுவார்கள். அந்த உறை சில வீடுகளில் வருடக்கணக்கில் எடுக்கப்படுவதே இல்லை. கைமேல் எந்தக் குற்றமும் இல்லை. ஒரு லிவரை இறக்கியிருந்தால் போதும்!

தைக்கும் முன் பாபின் நூலை மேலே இழுத்துக்கொண்டு, இரண்டு நூல்களையும் பிடித்தபடி முதல் சில தையல்களைப் போட வேண்டும். விரல்கள் ரிங்கின் ஓரத்திலேயே இருக்கட்டும். ஃபுட் இல்லாததால் ஊசிக்கும் விரலுக்கும் நடுவே தடுப்பு எதுவும் கிடையாது.

மீதியெல்லாம் காலுக்கும் கைக்கும் உள்ள பழக்கம். கால் வேகமாகவும் கை மெதுவாகவும் போனால் தையல் ஒரே இடத்தில் குவியும். கை முந்திக்கொண்டால் தையல் நீண்டு, ஊசி வளைந்து உடையும். அதனால் முதல் வாரம் பூவே வேண்டாம். நேர்க்கோடு, வட்டம், தன் பெயர் என்று பென்சிலால் எழுதி அதன் மேல் ஓட்டிப் பழகலாம். "ழ" எழுத்தை மெஷினில் சுழித்து முடித்தவருக்கு இலை ஒன்றும் கஷ்டமில்லை. இலையின் உட்புறத்தை ரிங்கை இடமும் வலமுமாக ஆட்டி நிரப்பலாம்.

பிற்காலத்தில் கம்ப்யூட்டர் மெஷின் வாங்கினாலும் இந்தப் பழக்கம் வீண்போகாது. துணியை இறுக்குவதும், அடித்தாள் வைப்பதும், நூலின் இறுக்கத்தைச் சரிசெய்வதும் அங்கேயும் மனிதர் வேலைதான். புகைப்படத்தைக் கொடுத்தால் அது தைத்துவிடாது; ஒவ்வொரு தையலும் எங்கே விழ வேண்டும் என்று சொல்லும் கோப்பு வேண்டும். அதை உருவாக்க இங்க்ஸ்டிட்ச் என்ற இலவச மென்பொருள்கூட இருக்கிறது.

வீட்டில் இருக்கும் மெஷினில் சில மாதங்கள் பழகிய பிறகு கடைக்குப் போனால், விற்பவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும். ஒருவேளை புது மெஷின் தேவையில்லை என்றும் தோன்றலாம். முதலில் அந்த உறையை எடுத்து, கொஞ்சம் எண்ணெய் விட்டால் ஆரம்பித்துவிடலாம்.