அப்பா சைவமான கதை

வாழப்பாடியில் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணிக்கு அப்பா ஒயர் கூடையை எடுப்பதில்தான் ஆரம்பிக்கும். சேகோ ஃபேக்டரி ஒன்றில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். எலும்பு எவ்வளவு, சதை எவ்வளவு என்று கறிக்கடைக்காரரிடம் பைசல் பண்ணாமல் தராசை விட்டு நகர மாட்டார். அவர் நல்லி எலும்பைத் தட்டி உறிஞ்சுகிற சத்தம் பக்கத்து வீடு வரைக்கும் கேட்கும்.

அப்படிப்பட்டவர், மூன்று வருஷத்துக்கு முன்னால் பொங்கலுக்கு மறுநாள், கறி வைக்க வந்த என் மனைவியைக் கை காட்டித் தடுத்தார். "வேண்டாம்மா. நான் சைவமாயிட்டேன். வயசாச்சில்ல!"

எனக்கு ஒரே பெருமை. 'எழுபத்திரண்டு வயசில் வாயைக் கட்டிட்டாரு எங்கப்பா' என்று ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அம்மா மட்டும் ஒன்றும் பேசவில்லை.

2025 மே விடுமுறையில், ஒன்பதாம் வகுப்பு முடித்த என் மகள் பாட்டி வீட்டு அடுப்படியைக் கைப்பற்றினாள். கோழி சாலட் வைத்து சாண்ட்விச் செய்யப் போகிறாளாம். நான் கடையிலிருந்து பிரெட் பாக்கெட்டோடு வந்ததும் அம்மா பதறிவிட்டார்.

"யாருக்குடா காய்ச்சல்?"

எங்கள் ஊரில் பிரெட்டுக்கு அதுதான் அர்த்தம்! "காய்ச்சல் இல்ல பாட்டி, இது நம்ம சேலம் தட்டுவடை செட் மாதிரி. தட்டுவடைக்குப் பதிலா பிரெட்டு, பீட்ரூட் கேரட்டுக்குப் பதிலா கோழி" என்று மகள் விளக்கினாள்.

அடுத்து மயோனைஸ் வேண்டும் என்றாள். பக்கத்து மாவட்டமான நாமக்கல், முட்டைக்கே தலைநகரம். ஆனால் பச்சை முட்டையில் செய்கிற மயோனைஸால் உணவு நஞ்சாகலாம் என்று, முந்தின மாதம்தான் தமிழக அரசு அதற்கு ஓராண்டுத் தடை போட்டிருந்தது. "அவிச்ச முட்டை இருக்கு, தயிர் இருக்கு. அது போதாதா?" என்றார் அம்மா. போதும் என்பது அன்று தெரிந்தது.

எலும்பில்லாத கோழிக்கறி கால் கிலோ. இஞ்சி, பூண்டு, மஞ்சள், உப்பு சேர்த்துக் குக்கரில் மூன்று விசில். நாட்டுக்கோழி என்றால் இன்னும் மூன்று நான்கு விசில் விடுங்கள். நன்றாக ஆறியதும் கையால் பிய்த்து, அம்மியில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தார் அம்மா. மிக்ஸி என்றால் ஒரே சுற்று, பசையாகிவிடக் கூடாது. அவித்த முட்டை இரண்டை மசித்து, துணியில் கட்டித் தொங்கவிட்ட கெட்டித் தயிர் மூன்று கரண்டி, பொடியாக அரிந்த சின்ன வெங்காயம், மிளகுத்தூள், கொத்தமல்லி, அரை மூடி எலுமிச்சை. எல்லாவற்றையும் பிசைந்தால் முடிந்தது. பிரெட்டில் முதலில் வெண்ணெய் தடவிக்கொண்டால் சொதசொதவென்று ஊறாது. வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

எல்லோருக்கும் ஒரே மாதிரி முக்கோணமாக வெட்டித் தட்டில் வைத்தாள். அப்பா மூக்கை நீட்டினார்.

"இதென்ன கண்ணு?"

"பிரெட்டுல தடவறது தாத்தா."

"தடவறதுதானே? அப்ப இதைக் கறியில சேத்துக்க முடியாது" என்று ஒரு துண்டை எடுத்தார். பிறகு இன்னொன்று. மூன்றாவதும். கண்ணை மூடிக்கொண்டு, அவசரமே இல்லாமல்.

அடுப்படியில் அம்மாவைப் பிடித்தேன். "என்னம்மா, சைவம்னாரு?"

"சைவமாவது ஒண்ணாவது! கடவாய்ப் பல்லு பூரா போச்சு. கட்டின பல்செட்டு குத்துதுன்னு டப்பாவுல போட்டுட்டாரு. மென்னு மென்னு பாத்துட்டு, கடைசியில எடுத்து ஓரமா வைக்கறதை மருமக பாத்துடக் கூடாதாம். கொத்துக்கறியா வாங்கலாம்னா, 'எனக்குன்னு தனியா ஆக்குவியா, நான் என்ன சீக்காளியா?'ன்னு கோவம் வந்துரும்."

சேலம் போனால் தட்டுவடை செட் கட்டிக்கொண்டு வருகிறவர், அதையும் நிறுத்தி ரொம்ப நாளாகியிருந்தது. அதுவும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. பி.காம். படித்தவன் நான். அப்பாவின் நஷ்டத்தை இத்தனை நாளும் லாபக் கணக்கில் எழுதிவைத்திருந்தேன்.

மெத்தென்ற சாப்பாடு அவருக்கு எப்போதோ கிடைத்திருக்கும். ஆனால் அதை அவர் மட்டும் தனியாகச் சாப்பிட வேண்டியிருந்திருக்கும். அன்றைக்குப் பல் இருக்கிற நாங்களும் அதையேதான் சாப்பிட்டோம். உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது திடீரென்று சைவமாகிவிட்டால், பெருமைப்படுவதற்கு முன்னால் பல்லைப் பற்றிப் பக்குவமாக விசாரியுங்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஏழு மணிக்கு எழுந்து வந்து பார்த்தேன். ஆணியில் ஒயர் கூடையைக் காணோம்.