சின்னத்திரையில் சில சறுக்கல்கள்

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானைக்கே சறுக்குமானால், அரைமணி நேரத்தில் நம்மைச் சிரிக்க வைத்துவிட்டு விடைபெற வேண்டிய தொலைக்காட்சித் தொடருக்குச் சறுக்காதா? நிறைந்திருந்த காப்பித் தம்ளர் அடுத்த கணம் காலியாக இருக்கும், குடித்தவர் எவருமில்லை. மறுகணம் மீண்டும் நிறைந்திருக்கும், ஊற்றியவரும் இல்லை. கணவனும் மனைவியும் ஒரு சண்டையை முடிப்பதற்குள் சுவர்க்கடிகாரம் நான்கு மணியிலிருந்து பதினொன்றுக்குத் தாவியிருக்கும். இடத்தோளில் கிடந்த மல்லிகைச் சரம் தானாகவே வலத்தோளுக்கு வந்துவிடும். திரைத்துறையினர் இதனைக் ‘கன்டின்யூட்டி’ பிழை என்பர். தொடர்ச்சி அறுந்த பிழை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

இத்தகைய பிழைகளைத் தேடிப் பிடிப்பதில் எனக்கும் என் அக்காளுக்கும் சிறுவயது முதலே போட்டி. பழைய நகைச்சுவைத் தொடர்களை இணையத்தில் தேடிப் பார்ப்போம். முதலில் பிழையைக் கண்டவருக்குத் தட்டில் மிஞ்சியிருக்கும் கடைசி முறுக்கு. தீர்ப்புச் சொல்பவர் எங்கள் அப்பாயி. கண்ணாடி போட்டாலும் அவருக்குத் திரை மங்கலாகத்தான் தெரியும். ஆயினும் தீர்ப்பில் ஐயம் வந்ததில்லை.

குற்றம் காணும் தொழில் நம் நாட்டுக்குப் புதிதன்று. இறைவன் பாட்டிலேயே குற்றம் கண்ட நக்கீரரின் கதையை அறியாத தமிழர் உண்டா? 1965-இல் வெளிவந்த ‘திருவிளையாடல்’ படத்தில் அந்த நக்கீரராக நடித்தவர், படத்தை இயக்கிய ஏ.பி. நாகராஜனே. அவர் சங்ககிரியை அடுத்த அக்கம்மாபேட்டைக்காரர். அதாவது நம் பக்கத்து மனிதர். ஆகவே குற்றம் காண்பதில் சேலம், நாமக்கல் மக்களுக்குத் தனி உரிமை உண்டு என்று நான் வாதாடினால் எவரும் மறுக்க முடியாது!

சரி, இப்பிழைகள் ஏன் நேர்கின்றன? படம் பிடிப்பவர்கள் கதையின் வரிசையில் படம் பிடிப்பதில்லை என்பதே முதற் காரணம். ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தால், கூடத்தில் நடக்கும் காட்சிகள் அனைத்தையும் ஒரே மூச்சில் எடுத்துவிடுவர். சமையலறைக் காட்சிகள் மறுநாள். கதையில் நாயகன் கூடத்திலிருந்து சமையலறைக்கு நடப்பது நான்கு அடி. படப்பிடிப்பில் அந்த நான்கு அடிக்கு இடையே ஓர் இரவு கழிந்திருக்கும். சட்டையின் எந்தப் பொத்தான் திறந்திருந்தது, எந்தக் கையில் செய்தித்தாள் இருந்தது என்பதையெல்லாம் ஓர் உதவி இயக்குநர் குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். திரையில் பெயர் ஓடும்போது நாம் கண்ணை எடுத்துவிடும் இடத்தில் வருகின்ற பெயர் அவருடையது. அவர் ஆயிரம் பொருள்களைச் சரியாகக் குறித்தால் எவரும் பாராட்டுவதில்லை. ஒன்றைத் தவறவிட்டால் சேந்தமங்கலத்தில் இரண்டு பேர் முறுக்குக்காகக் கூச்சலிடுகிறார்கள்.

இந்தத் தொழிலின் கடுமையை அறிய நாம் சென்னை வரை போக வேண்டியதில்லை. சேலத்தில் டி.ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. ஏற்காடு மலையடிவாரச் சாலையில் அதன் நுழைவு வளைவு மட்டும் இன்று எஞ்சி நிற்கிறது. அங்கே 1940-இல் உருவான ‘உத்தமபுத்திரன்’ படத்தில் பி.யு. சின்னப்பா இரட்டை வேடம் ஏற்றார். கணிப்பொறி இல்லாத அந்நாளில் இரட்டை வேடக் காட்சிகளை எடுத்த முறை இது: வில்லையின் ஒரு பாதியை மறைத்து, நடிகரை ஒருபுறம் நிறுத்திப் படம் பிடிப்பர். பின் சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியை மறைத்து, அதே நடிகரை வேறு உடையில் மறுபுறம் நிறுத்துவர். இடையில் கேமரா மயிரிழை அசைந்தாலும், விளக்கின் ஒளி சற்றே மாறினாலும், நடுவில் ஒரு கோடு விழுந்துவிடும். ஒரே ஆள் இரண்டு பேராகத் தெரிவதற்கு எத்தனை பேர் மூச்சை அடக்கி நின்றிருப்பார்கள்!

வெளிநாட்டாரும் இதற்கு விலக்கல்லர். அமெரிக்காவில் 1951-இல் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’ பிற்கால நகைச்சுவைத் தொடர்களுக்கெல்லாம் முன்னோடி. பார்வையாளரை எதிரே உட்கார வைத்து, மூன்று கேமராக்களைக் கொண்டு நாடகம் போலவே வரிசையாக எடுத்தார்கள். அதனால் தம்ளர்ப் பிழைகள் குறைந்தன. ஆனால் எழுத்தில் பிழை புகுந்தது. பக்கத்து வீட்டு எத்தலின் நடுப்பெயர் ஒரு வாரம் ஒன்று, மறு வாரம் வேறொன்று. அவர்கள் குடியிருப்பதாகச் சொல்லும் நியூயார்க் முகவரியைத் தேடிப் போனால் ஆற்றுக்குள்தான் இறங்க வேண்டும்! ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடரில் மோனிகாவின் கதவு எண் முதலில் 5. சன்னலுக்கு வெளியே தெரியும் உயரத்துக்கு அது பொருந்தாது என்று உணர்ந்து பின்னர் 20 ஆக்கினார்கள். கொரியப் போர் 1950 முதல் 1953 வரை மூன்றே ஆண்டுகள் நடந்தது. அப்போரைக் களமாகக் கொண்ட ‘மேஷ்’ தொடரோ 1972 முதல் 1983 வரை ஓடியது. மருத்துவர்களின் தலை நரைத்தும் போர் முடியவில்லை.

இவற்றுள் பெரிய சறுக்கல், ஆளே மாறிவிடுவது. ‘பிவிட்ச்ட்’ தொடரில் கணவனாக நடித்த டிக் யார்க் முதுகுவலியால் விலக, 1969-இல் டிக் சார்ஜன்ட் வந்து அமர்ந்தார். மனைவி முதல் பக்கத்து வீட்டுக்காரி வரை ஒருவரும் “நீ யார்?” என்று கேட்கவில்லை. நம் தமிழிலும் அது நடந்தது. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பில் நாகா இயக்கிய ‘ரமணி வெர்சஸ் ரமணி’யை நம் ஆசிரியப் பெருமக்கள் மறந்திருக்க மாட்டார்கள். முதற் பகுதியில் ரமணி தம்பதியாகப் பிருத்விராஜும் வாசுகியும் வந்தனர். இரண்டாம் பகுதியில் அந்த இடத்தில் ராம்ஜியும் தேவதர்சினியும் வந்தனர்.

இதைக் கண்டதும் அக்காள் துள்ளி எழுந்தாள். “அப்பாயி, ரெண்டு பேருமே வேற ஆளு!” முறுக்கைத் தட்டோடு எடுத்துக்கொள்ளத் தக்க கண்டுபிடிப்பு அது. அப்பாயியோ வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: “ஆளு மாறுனா என்ன கண்ணு? சண்ட அதேதான?”

எங்கள் அப்பாயி பள்ளிக்கூடம் போனதில்லை. ஆயினும் அவர் சொன்னதையே அறிஞர்கள் ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். திரைப்படத் தொகுப்பில் பெரும் புகழ் பெற்ற வால்டர் மர்ச், வெட்டி ஒட்டும்போது கவனிக்க வேண்டியவற்றுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டார். உணர்ச்சிக்கு 51, கதைக்கு 23. பொருளும் ஆளும் இருந்த இடத்திலேயே இருக்கின்றனவா என்பதற்குக் கடைசியாக வெறும் 4! தம்ளர் நிறைந்திருக்கும் துண்டைவிட, முகம் மலர்ந்திருக்கும் துண்டே மேல் என்பது அவர் கொள்கை. டேனியல் சைமன்ஸ், டேனியல் லெவின் என்னும் உளவியலார் 1998-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்பானது. வழி கேட்பவர் போல ஒருவர் ஒரு வழிப்போக்கரிடம் பேசுகிறார். இருவருக்கும் நடுவே ஒரு கதவைத் தூக்கிக்கொண்டு சிலர் நடக்கிறார்கள். அந்த மறைப்பில் கேட்டவர் விலக, வேறொருவர் வந்து நின்று பேச்சைத் தொடர்கிறார். வழி சொன்னவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் ஆள் மாறியதை உணரவேயில்லை!

கதை ஒழுங்காக ஓடினால் இரண்டு பேரை ஒருவராக ஏற்றுக்கொள்ள மனித மனம் அணியமாக இருக்கிறது. இதனை எண்ணும்போதெல்லாம் எனக்கு என் தந்தையின் நினைவு வரும்.

என் தந்தை நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் எழுத்துப் பெயின்டர். எத்தனையோ லாரிகளின் நெற்றியில் உரிமையாளர் பெயரை ஓர் எழுத்தும் பிசகாமல் எழுதியவர். அவர் பெயரோ மூன்று தாள்களில் மூன்று விதம். குடும்ப அட்டையில் தலைப்பெழுத்து ஒன்று. என் பள்ளிச் சான்றிதழில் வேறொன்று. ஆதார் அட்டையில் பெயரின் கடைசி எழுத்தையே காணோம். எத்தலின் நடுப்பெயர் மாறியபோது உலகம் சிரித்தது. என் தந்தையின் பெயர் மாறியபோது என் கல்வி உதவித்தொகை விண்ணப்பம் திரும்பி வந்தது.

ஓர் அலுவலகத்தின் சன்னலுக்கு முன்னே தந்தையும் நானும் நின்றோம். “இந்த மூன்று பேரும் ஒரே ஆள் என்பதற்கு அத்தாட்சி என்ன?” என்று கேட்டார்கள். அந்த மூன்று பேரும் ஒரே சட்டையில், விரல் நகத்தில் ஒட்டிய பெயின்டோடு, அவர்கள் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார்கள்! அத்தாட்சி தேடி அலைந்ததில் தந்தைக்கு ஐந்து நாள் கூலி போயிற்று. அப்பாயி கேட்டுவிட்டு, “நான் பெத்தது ஒண்ணுதான் சாமி” என்றார். அன்று அவர் முகத்தில் சிரிப்பில்லை. முடிவில் தாள்கள் திருத்தப்பட்டன, உதவித்தொகையும் வந்தது. போன கூலி வரவில்லை.

சின்னத்திரையில் இரண்டு பேரை ஒருவர் என்று சொன்னால் ஊரே நம்புகிறது. வாழ்க்கையில் ஒருவரை ஒருவர்தான் என்று மெய்ப்பிக்க முத்திரை வேண்டியிருக்கிறது. திரைப்பிழைகளை நான் வெறுக்காததற்குக் காரணம் இதுவே. அவற்றால் எவர் வீட்டு உலையும் நின்றதில்லை. வால்டர் மர்ச் நான்கு மதிப்பெண்ணே கொடுத்த தொடர்ச்சிக்கு, ஏழையின் தாளில் நூற்றுக்கு நூறு தேவைப்படுகிறது. தம்ளர் நிறைந்ததா காலியா என்று குறித்து வைக்கச் சின்னத்திரையில் ஒருவர் சம்பளம் வாங்குகிறார். ஏழையின் பெயர் சரியாக இருக்கிறதா என்று அதே கவலையோடு பார்க்க ஓர் ஆள் வேண்டாமா?

நண்பர்களே! நம்மில் பலர் இன்று குரூப்-4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறோம். நாளை நம்மில் சிலரேனும் அந்தச் சன்னலுக்கு உட்புறம் அமர்வோம். அப்போது குறிப்பேடு நம் கையில் இருக்கும். ஒரு பெயரை எழுதும் முன், எதிரே நிற்பவரை நிமிர்ந்து பார்த்து, “ஐயா, உங்கள் பெயரை இன்னொரு முறை சொல்லுங்கள்” என்று கேட்போம். அதற்கு ஆகும் நேரம் அரை நிமிடம். அது ஒரு குடும்பத்தின் ஐந்து நாள் கூலியைக் காக்கும்.